முதுநிலை டிஜிட்டல் மீடியா: சேர என்ன வேண்டும், பட்டம் வாங்க என்ன வேண்டும்

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் சொல்லிக்கொடுக்கிறேன். அக்டோபர் பிறந்தால் என் மேஜைக்கு எதிரே இருக்கும் நாற்காலி காலியாகவே இருக்காது. வடிவமைப்பு நுழைவுத் தேர்வுகளுக்குப் பதிவு நடக்கும் நேரம் அது. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரி கெடு நெருங்கியிருக்கும். இறுதியாண்டு மாணவர்களும், படித்து முடித்து ஓரிரண்டு வருடம் வேலை பார்த்தவர்களும் ஆளுக்கொரு எக்செல் அட்டவணையோடு வருவார்கள். கல்லூரி, தரவரிசை, கட்டணம், நுழைவுத் தேர்வு என்று நான்கு கட்டங்கள் இருக்கும். ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு, "பட்டம் தருவதற்கு முன் என்னிடம் எதைக் கேட்பார்கள்?"

இந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எங்கள் மாணவி. நன்றாக வரைவார், இரண்டு நிமிட 2டி அனிமேஷன் ஒன்றைத் தனியாகவே செய்து முடித்தவர், கோடிங் பக்கம் போனதே இல்லை. இன்னொருவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஐடி கம்பெனியில் இரண்டு வருடமாக இருக்கும் பையன். ராத்திரி உட்கார்ந்து யூனிட்டி என்ற மென்பொருளில் சின்னச் சின்ன கேம் செய்கிறார். "எனக்கு வரையவே வராது மேம்" என்று வந்ததும் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் கொண்டுவந்த அட்டவணையில் கிட்டத்தட்ட ஒரே பெயர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு பேருக்கு ஒரே பட்டியல் பொருந்தாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "டிஜிட்டல் மீடியா" என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் வெளிநாட்டில் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக், ஜெர்மனியில் பிரேமன் பல்கலைக்கழகம் இரண்டும் நல்ல உதாரணங்கள். இந்தியாவில் அதே படிப்பு நியூ மீடியா டிசைன், இன்டராக்‌ஷன் டிசைன், அனிமேஷன், எலக்ட்ரானிக் மீடியா என்று சிதறிக் கிடக்கிறது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நல்ல இடங்கள் பல கண்ணில் படாமலே போய்விடும். அப்புறம், என்ஐடி என்று நான் சொன்னால் திருச்சி என்ஐடியை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது 1961-ல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை.

அந்த என்ஐடியில் எம்.டெஸ்., அதாவது வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம், இரண்டரை வருடம். அனிமேஷன் ஃபிலிம் டிசைன் அகமதாபாத்தில், நியூ மீடியா டிசைன் காந்திநகரில், இன்டராக்‌ஷன் டிசைனும் டிஜிட்டல் கேம் டிசைனும் பெங்களூரு வளாகத்தில். கடைசி அரை வருடத்தைக் கிராஜுவேஷன் ப்ராஜெக்ட் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலோர் ஒரு நிறுவனத்திலோ ஸ்டூடியோவிலோ அமைப்பிலோ சேர்ந்து, அவர்களுடைய உண்மையான தேவை ஒன்றுக்கு வேலை செய்கிறார்கள். செய்ததை ஆவணமாக எழுதி ஜூரி எனும் மதிப்பீட்டுக் குழு முன் வைத்து விளக்க வேண்டும். ஜூரி சரி என்ற பிறகுதான் பட்டம். தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கியே பழகிய நம் பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம். ஏன் இந்த நிறம், ஏன் இந்தத் திரை, ஏன் இந்த நீளம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எதற்கும் பதில் இருக்க வேண்டும். வேலைக்குப் போனபின் வாடிக்கையாளர் முன்னால் உட்காரும்போது தேவைப்படுவதும் இந்தப் பழக்கம்தான்.

ஐஐடி பம்பாயில் உள்ள ஐடிசி என்ற வடிவமைப்புப் பள்ளி 1969-ல் தொடங்கியது. அங்கே எம்.டெஸ். இரண்டு வருடம், அனிமேஷன், இன்டராக்‌ஷன் டிசைன், கம்யூனிகேஷன் டிசைன் எல்லாம் தனித்தனிப் பிரிவுகள். படிப்பு முழுக்க ப்ராஜெக்ட்களைச் சுற்றியே ஓடுகிறது. கடைசியில் ஒரு வழிகாட்டியின் கீழ் பெரிய ப்ராஜெக்ட் ஒன்று. இன்டராக்‌ஷன் பிரிவில் என்னைக் கவர்ந்த விஷயம், பயன்படுத்துகிறவரிடம் நேரே போய்ப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம். இந்திய மொழிகளில் தட்டச்சு செய்ய வந்த ஸ்வரசக்ரா விசைப்பலகை இங்கே உருவானது. தமிழுக்கும் உண்டு. போனில் தமிழ் எழுதத் திணறும் நம் அம்மா, அத்தைகளின் சிக்கல் ஒரு முதுநிலை மாணவருக்கு ஆராய்ச்சிப் பொருளாக முடியும் என்பதை ஒருவருக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

பிரேமன் வேறு மாதிரி. அங்கே டிஜிட்டல் மீடியா முதுநிலைப் படிப்பைப் பல்கலைக்கழகமும் அதே ஊரின் கலைக் கல்லூரியும் சேர்ந்து நடத்துகின்றன. ஊடகக் கணினியியல் ஒரு கிளை, ஊடக வடிவமைப்பு இன்னொரு கிளை. எந்தக் கிளையில் விண்ணப்பிக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். முதல் கிளையில் இளநிலையில் எவ்வளவு கணினிப் பாடம் படித்தோம் என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் கலைப் படைப்புகளை. எங்கள் விஸ்காம் மாணவி முதல் கிளைக்கு விண்ணப்பித்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பாடம் ஆங்கிலத்தில். நான்கு செமஸ்டர், மொத்தம் 120 கிரெடிட். நடுவில் ஒரு நீண்ட குழு ப்ராஜெக்ட் வரும். கோடிங் தெரிந்தவரும் வரையத் தெரிந்தவரும் ஒரே குழுவில் மாதக்கணக்கில் சேர்ந்து ஒரு பொருளைக் கட்ட வேண்டும். 1971-ல் தொடங்கியதிலிருந்தே ப்ராஜெக்ட் வழிப் படிப்பைத் தன் அடையாளமாக வைத்திருக்கும் பல்கலை அது. அதன் பிறகு கடைசி செமஸ்டரில் ஆய்வேடு. ஆக, குழுவாக ஒரு வேலை, தனியாக ஒரு வேலை இரண்டையும் கேட்கிறார்கள். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு இந்த ஆய்வேடு மிகவும் முக்கியம்.

அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா டெக்கின் டிஜிட்டல் மீடியா முதுநிலை 36 கிரெடிட். இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். "பிரேமனில் 120, இங்கே 36தானா? அப்போது இது சுலபமா மேம்?" என்பார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஐரோப்பிய கிரெடிட் ஒன்று என்றால் வகுப்பு, வீட்டில் படிப்பது, செய்முறை எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்கக் கிரெடிட் ஒன்று என்றால் செமஸ்டர் முழுக்க வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு மேல் சொந்த வேலை. இரண்டையும் எண்ணால் ஒப்பிட்டால் படியையும் கிலோவையும் ஒப்பிட்ட கதையாகிவிடும்.

ஜார்ஜியா டெக்கில் நான் முக்கியமாகக் கருதுவது, இந்தப் படிப்பு எந்தத் துறைக்குள் இருக்கிறது என்பது. இலக்கியம், ஊடகம், தொடர்பியல் துறை நடத்துகிறது. ஒரு தொழில்நுட்பப் பல்கலையின் நடுவில், கதை, பண்பாடு, விமர்சனம் பேசுகிறவர்கள் உருவாக்கிய படிப்பு. கணினியை ஒரு வெளிப்பாட்டு ஊடகமாகக் கற்பிக்கும் பாடம் அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. கலை படித்தவரும் அங்கே கோட் எழுதியாக வேண்டும். அதேபோல இன்ஜினியரிங் படித்தவரும் காட்சிப் பண்பாடு பற்றிக் கட்டுரை எழுதியாக வேண்டும். பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து வேலை செய்யும் ப்ராஜெக்ட் ஸ்டூடியோவும் உண்டு. முடிவில் மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட் அல்லது ஆய்வேடு. வாசிப்பும் எழுத்தும் பிடிக்காதவர்கள் பெயரைப் பார்த்துச் சேர்ந்தால் சிரமப்படுவார்கள்.

அமெரிக்காவில் இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லாமல் போக மனமில்லை. கார்னகி மெலனின் என்டர்டெய்ன்மென்ட் டெக்னாலஜி சென்டரில் இரண்டு வருடப் படிப்பின் பெரும்பகுதி குழு ப்ராஜெக்ட்தான். முதல் செமஸ்டரில் ஒத்திகை இல்லாமல் நடிக்கும் இம்ப்ராவ் பயிற்சி கூட உண்டு. குழுவில் இன்னொருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கப் பழக்குவதற்காக. நியூயார்க் பல்கலையின் ஐடிபி 1979-ல் தொடங்கிய பழைய படிப்பு. சென்சார், மோட்டார், மின்சுற்று என்று கையால் பொருள் செய்து பார்க்கும் ஃபிசிக்கல் கம்ப்யூட்டிங் அங்கே முதல் வருடத்திலேயே வரும். இரண்டும் அருமையான இடங்கள். செலவும் அதற்கேற்ற செலவு.

சரி, நம் ஊரில்? சென்னையில் அண்ணா பல்கலையின் ஊடக அறிவியல் துறை கிண்டி வளாகத்தில் எம்.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியா நடத்துகிறது. பல கல்லூரிகளில் இரண்டு வருட எம்.ஏ., எம்.எஸ்சி. விஸ்காம் இருக்கிறது. இவற்றைப் பட்டியலில் கடைசி வரிசையில், "எதுவும் கிடைக்காவிட்டால்" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது எனக்கு வருத்தம். பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்குத்தான் எடை அதிகம் என்பது உண்மை. ஆனால் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவருக்கு நேரான பாதை இது. உதவிப் பேராசிரியர் ஆக முதுநிலையில் பொதுப் பிரிவுக்கு 55 சதவீதமும் அந்தப் பாடத்தில் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் கேட்பார்கள். நெட் தேர்வில் இதழியல், மக்கள் தொடர்பியல் பாடத்துக்குத் தயாராக இந்தப் படிப்பே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். சாலிகிராமம், வடபழனிப் பக்கம் எடிட்டிங், டிஐ, விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்களில் ஏற்கெனவே கால் ஊன்றியவர்களுக்கும் ஊரை விட்டுப் போகாமல் படிக்க இது ஒரு வழி. ஒரே ஒரு எச்சரிக்கை: தனியார் அனிமேஷன் நிறுவனங்கள் தரும் டிப்ளமோ திறமை வளர்க்கலாம்; முதுநிலைப் பட்டம் ஆகாது. சேர்வதற்கு முன் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உள்ளே போவதற்கான நிபந்தனைகளுக்கு வருகிறேன். ஐஐடிகளுக்கான பொது வடிவமைப்பு நுழைவுத் தேர்வை, பேச்சில் 'சீட்' (CEED) என்பார்கள், ஐஐடி பம்பாய் ஜனவரியில் நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று வருடப் பட்டமோ டிப்ளமோவோ போதும். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். எந்தப் பாடம் படித்தவரும் எழுதலாம், வயது வரம்பும் இல்லை, எத்தனை முறையும் எழுதலாம். மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் கணினியில், அடுத்த இரண்டு மணி நேரம் தாளில் கையால். முதல் பகுதி வடிகட்டி மாதிரி. இறுதி மதிப்பெண்ணில் அதற்கு 25 சதவீதம்தான், கையால் வரைந்து எழுதும் பகுதிக்கு 75. இந்தக் கணக்கைப் பார்த்ததும் அந்த ஐடி பையன் முகம் வாடிவிட்டது. ஆனால் அங்கே கேட்பது ரவிவர்மா ஓவியம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் கூட்டத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்திலிருந்து புரியும்படி வரைய முடிகிறதா, ஒரு சிக்கலைப் பார்த்து நாலு தீர்வு யோசித்துப் படமாகக் காட்ட முடிகிறதா என்பதுதான். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் வந்துவிடும். வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வில் தேறிய பிறகு ஒவ்வொரு ஐஐடிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல், மதிப்பெண் வந்ததும் கவுன்சலிங் கடிதம் தானாக வரும் என்று காத்திருந்து ஏமாந்திருக்கிறார்கள். மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

என்ஐடிக்கு டேட் (DAT) என்ற தனித் தேர்வு, முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். இங்கே வயதைக் கவனியுங்கள். எம்.டெஸ்.ஸுக்குப் பொதுப் பிரிவில் 30 வயது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. ஏழெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு "இப்போது படிக்கலாமே" என்று வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி இது.

வெளிநாட்டுக்கு நுழைவுத் தேர்வை விடப் போர்ட்ஃபோலியோவும் நோக்கக் கடிதமும்தான் பேசும். மூன்று வருட இளநிலையைச் சில அமெரிக்கப் பல்கலைகள் ஏற்பதில்லை. பி.எஸ்சி. விஸ்காம் முடித்தவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. ஜெர்மனிக்கு, இந்திய மாணவர்கள் 2022 நவம்பரிலிருந்து விசாவுக்கு, நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் சேர்க்கைக்கு முன்பே அதைத் தொடங்குங்கள்.

போர்ட்ஃபோலியோ பற்றி ஒரு வார்த்தை. இருபது வேலைகளைத் திணித்து அனுப்புகிறார்கள். கல்யாண ஆல்பம், போஸ்டர், லோகோ, குறும்பட டீசர், எல்லாம். ஐந்தாறு போதும். ஒவ்வொன்றிலும் முதலில் என்ன யோசித்தீர்கள், எங்கே தவறு செய்தீர்கள், எப்படி மாற்றினீர்கள் என்பது தெரிய வேண்டும். கசங்கிய நோட்டுப் பக்கத்தின் போட்டோ கூட இருக்கலாம். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள். என் மாணவர் ஒருவர் தன் தாத்தாவின் தறியில் சேலை நெய்வதைப் படிப்படியாகக் காட்டும் சின்ன ஊடாடும் பக்கம் ஒன்று செய்திருந்தார். பளபளப்பே கிடையாது. நேர்முகத்தில் முக்கால் மணி நேரமும் அதைப் பற்றியே பேசினார்களாம்.

பணத்துக்கு வருவோம். பிரேமனில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். அதற்குள்ளேயே பஸ், ரயில் பாஸும் வந்துவிடும். எல்லா ஜெர்மன் மாநிலங்களும் அப்படி இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். எந்த மாநிலத்துக்குப் போனாலும் ஜெர்மன் விசாவுக்காக ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சத்தை ஒட்டி வரும். ஜெர்மனி போனபின் மாதம் 992 யூரோவாக நாமே எடுத்துச் செலவழிக்கும் பணம் இது. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம்.

அமெரிக்காவில் கட்டணம், வாழ்க்கைச் செலவு இரண்டும் நம் சேமிப்புக்குள் அடங்குவது கடினம். வங்கிக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். ஊரில் இருக்கும் ஒரே வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்பா வங்கிக்குப் போகும் முன், உதவி ஆசிரியர் பணியோ ஆய்வு உதவியாளர் பணியோ எத்தனை முதுநிலை மாணவர்களுக்குக் கிடைக்கிறது என்று அந்தத் துறையிடம் நேரடியாகக் கேளுங்கள். எம்ஐடி மீடியா லேபில் முதுநிலை மாணவர்களுக்கும் ஆய்வு உதவியாளர் பணி வழியாகக் கட்டணம் கழிந்துவிடுகிறது, ஆனால் அங்கே இடம் மிகக் குறைவு. கூடவே, படிப்பை வகைப்படுத்தும் சிஐபி குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் வருகிறதா என்றும் கேட்க வேண்டும். சாதாரணமாகப் படித்து முடித்தபின் 12 மாதம் வேலை செய்யலாம். ஸ்டெம் என்றால் அதற்கு மேல் 24 மாதம். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு படிப்புகளில் ஒன்று ஸ்டெம்மாகவும் இன்னொன்று இல்லாமலும் இருக்கலாம். ஐஐடியில் எம்.டெஸ். மாணவர்களுக்கு உதவிப் பணியோடு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் எல்லா இடங்களுக்கும் அல்ல, சேர்க்கைக் கடிதத்தில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், வரைகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் இந்தியாவிலேயே ஐடிசி, என்ஐடி இரண்டையும் ஒரே வருடத்தில் முயலச் சொல்வேன். இரண்டு தேர்வுக்குமான தயாரிப்பு பாதிக்கு மேல் பொதுவானது. கோட் எழுதத் தெரிந்து, அதைக் கொண்டு கலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு பிரேமன். பணத்துக்கும் அது தாங்கும். கேள்வி கேட்பதும் எழுதுவதும் பிடித்து, உதவித்தொகையும் கையில் கிடைத்தால் ஜார்ஜியா டெக். உதவித்தொகை இல்லாமல், குடும்பச் சொத்தை ஈடு வைத்துப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. முதல் வேலையின் சம்பளத்தை விட மாதத் தவணை பெரிதாக இருந்தால், பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் போய்விடும். இந்தத் துறைக்கே வந்தது அந்தச் சுதந்திரத்துக்காகத்தானே.

ஐடி பையன் ஐந்தாவது கட்டத்தை நிரப்பிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வந்தார். ஒவ்வொரு படிப்பின் கடைசி வருட மாணவர்களின் ப்ராஜெக்ட்களையும் இணையத்தில் தேடி, இரண்டு இரண்டாகப் பார்த்திருந்தார். "பிரேமனில் நான் செய்ய நினைத்த மாதிரியே ஒன்றை நாலு பேர் சேர்ந்து செய்திருக்காங்க மேம்" என்றார். ஏபிஎஸ்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டார். ஆனாலும் வரையப் பழகுவதை நிறுத்தவில்லை, ஜனவரித் தேர்வுக்கும் பதிவு செய்திருக்கிறார்.

மாணவி அமெரிக்கப் பெயர்களை எல்லாம் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார். அகமதாபாத், பம்பாய் இரண்டும்தான் மிச்சம். வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்ப அம்மாவுக்கு இன்னும் தயக்கம். ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போகும்போது அந்த இரண்டு நிமிட அனிமேஷனை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்; அம்மா இன்னும் அதை முழுசாகப் பார்க்கவில்லையாம்.